கருவியை அணைத்த இடம்

எங்கள் வள்ளத்துக்கு ஜிபிஎஸ் கருவி வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். கரையை விட்டதும் அண்ணன் அதைப் போடுவான். திரும்பி வரும் வழிக்கு அது வேண்டும். ஆனால் ஒரே ஒரு இடத்துக்குப் போகிற நாட்களில் மட்டும், அந்த இடம் வருவதற்கு வெகு முன்னாலேயே அதை அணைத்துவிடுவான். மீன் பிடித்து முடித்து, அணைத்த இடத்துக்கே திரும்பி வந்த பிறகுதான் மறுபடி போடுவான். அந்தக் கருவிக்கு ஒரு குணம் உண்டு. போன வழியை எல்லாம் புள்ளி புள்ளியாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். பழுது பார்க்கக் கொடுத்தால் கடைக்காரன் பார்க்கலாம். அவசரத்துக்கு யாராவது கேட்டு வாங்கிப் போனால் அவன் பார்க்கலாம். கரையில் அண்ணன் யாரையும் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. கருவியை அணைப்பான், அவ்வளவுதான்.

அந்த இடம் ஒரு பார். சுற்றிலும் சேறும் மணலுமாகக் கிடக்கிற கடலடியில் கல் மேடாக நிற்கிற இடத்தைப் பார் என்போம். கல் இருந்தால் மீன் தங்கும். எங்கள் பாரில் விளமீனும் களவாவும் தூண்டிலுக்கு வரும். பெரிதாக ஒன்றும் இல்லை. நாலைந்து வள்ளம் ஒரே நாளில் வந்து நின்றால் ஒரு மாதத்துக்கு வெறும் கல்தான் இருக்கும். எங்கள் அப்பா அதைக் கண்டுபிடித்து எங்கள் இருவருக்கும் மட்டும் காட்டினார். அண்ணனின் பையன்களுக்குக்கூடத் தெரியாது. அவர்கள் கடலுக்கு வரவில்லை.

இப்போது அடையாளத்தைச் சொல்வதில் தப்பு இல்லை. மேற்கே பார்த்தால் எங்கள் ஊர் மாதா கோயில் உச்சியில் இருக்கிற சிலுவை, அதற்குப் பின்னால் தூரத்தில் தெரிகிற வல்லநாட்டு மலையின் மொட்டைத் தலைக்கு நேர் கீழே வர வேண்டும். தெற்கே திரும்பினால் திருச்செந்தூர் கோபுரம் பனங்கூட்டத்தை விட்டு வெளியே வந்து, நீட்டிய கையில் ஒரு விரல் அகலம் தள்ளி நிற்க வேண்டும். இரண்டும் சேரும் இடம்தான் பார். மலை தெரியாத நாளில் அது கிடைக்காது.

ஆறு கடலில் சேரும் இடத்தில் எங்கள் ஊர். நான் அஞ்சாம் வகுப்போடு கடலுக்கு வந்துவிட்டேன். அண்ணன் எட்டு வரை படித்தவன். ஏலக்கூடத்தில் பேசுவது, அதிகாரிகளிடம் பேசுவது, சண்டை போடுவது எல்லாம் அவன் வேலை. யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால், அண்ணனுக்குத் தெரியும் என்பேன். ஊரில் சிலர் என்னைப் பார்த்தாலே, “அண்ணனுக்குத் தெரியும் வாரான்” என்பார்கள். எனக்கு அது வருத்தமாக இருந்ததில்லை.

வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை கடற்படைக்காரர்களும் கடலோரக் காவல்காரர்களும் ஏலக்கூடத்தில் கூட்டம் போடுவார்கள். நீங்கள்தான் எங்களுக்குக் கண்ணும் காதும் என்பார்கள். தெரியாத படகு, தெரியாத ஆள், மிதக்கிற பொருள் எதைக் கண்டாலும் சொல்லுங்கள் என்று ஒரு எண்ணைக் கொடுப்பார்கள். தொப்பியும் கொடுப்பார்கள். கடைசியாக நடந்த கூட்டத்தில் சுவரில் பெரிய படம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். ஒரு ஓரத்தில் நம் கடல். அங்கிருந்து இலங்கையைச் சுற்றி, மலாக்கா வழியாகச் சீனக் கடலுக்கும் அதற்கு அப்பால் பசிபிக் வரைக்கும் கப்பல் போகும் பாதைகளைச் சிவப்புக் கோடாகப் போட்டிருந்தது. அந்தப் பாதை யார் கையில் இருக்கிறது என்பதில்தான் இனி எல்லாமே இருக்கிறது என்றார் வந்திருந்த அதிகாரி. நான் பின்வரிசையில் உட்கார்ந்து எங்கள் ஊரைத் தேடினேன். அந்தப் படத்தில் அது இல்லை. அண்ணன் முன்வரிசையில் இருந்தான். தொப்பியை அங்கேயே போட்டுக்கொண்டான்.

அதற்கு அடுத்த மாதம்தான் நாங்கள் அதைக் கண்டோம்.

விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகு பாரில் நங்கூரம் போட்டு உட்கார்ந்திருந்தோம். கருவி அணைத்துத்தான் இருந்தது. கொஞ்ச தூரத்தில் மஞ்சளாக ஒன்று மிதந்தது. கேஸ் சிலிண்டர் என்று நினைத்தேன். கிட்டே போனால் ஓர் ஆள் நீளத்துக்கு ஒரு குழாய். இரண்டு பக்கமும் சின்ன இறக்கை, வாலில் குச்சி மாதிரி ஒரு கம்பி. அறுந்த வலைத்துண்டு ஒன்று மிதவைகளோடு இறக்கையில் சுற்றிக் கிடந்தது. அதன் பிடியில்தான் அது மேலேயே நின்றிருக்கிறது. படகுக்கு இருப்பது போலச் சுழலும் காற்றாடி இல்லை. எஞ்சின் சத்தமும் இல்லை. உடம்பில் எழுதியிருந்த எழுத்து தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை.

இதை இப்படியே விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அண்ணன் அதற்குள் கயிறு கட்டிவிட்டான். இருவருமாக வள்ளத்தில் ஏற்றினோம். தொட்டபோது குளிர்ந்திருந்தது. வழக்கம்போல் கருவியை அணைத்த இடத்துக்கு வந்து, அதைப் போட்டு, போனுக்கு சிக்னல் கிடைக்கும் தூரம் வந்ததும் அண்ணன் அந்த எண்ணுக்குப் போன் செய்தான். அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டான்.

கரையில் எங்களுக்கு முன்னாலேயே இரண்டு ஜீப் வந்து நின்றது. ஆட்களைத் தள்ளி நிறுத்திவிட்டு அந்தக் குழாயைப் போர்வை போட்டு மூடிக் கொண்டுபோனார்கள். கடலோரக் காவல் இன்ஸ்பெக்டர் எங்கள் இருவருக்கும் கை கொடுத்தார். யாரோ படம் எடுத்தார்கள். பிறகு கடற்படையிலிருந்து வந்திருந்த இளவயது அதிகாரி, அது எந்த இடத்தில் கிடந்தது என்று கேட்டார்.

சுற்றிலும் ஊர்க்காரர்கள் நின்றார்கள். ஏலம் எடுக்கிறவர்கள், வலைக்காரர்கள், பக்கத்து வள்ளத்து ஆட்கள் எல்லாரும் அண்ணன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒரு நொடிதான் நின்றான். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு நேர் கிழக்கே, கப்பல்கள் நங்கூரம் போட்டுக் காத்து நிற்கிற இடம் என்றான்.

அவன் ஏன் அதைச் சொன்னான் என்று எனக்கு உடனே தெரிந்தது. அங்கே யாரும் மீன் பிடிப்பதில்லை. வெறும் சேறு. வேறு எந்த இடத்தைச் சொன்னாலும் அது எவனாவது ஒருவனுடைய தொழில் இடமாக இருக்கும். நாளைக்கு நேவி கப்பல் வந்து அங்கே நிற்கும், அவன் பிழைப்பு கெடும். ஆகவே ஒருவருக்கும் நஷ்டமில்லாத இடமாகப் பார்த்துச் சொன்னான். இப்படித்தான் எங்களில் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். மீன் எங்கே கிடைத்தது என்று கேட்டால் உண்மையைச் சொல்கிற பழக்கம் எங்கள் கரையில் கிடையாது. கேட்கிறவனும் உண்மையை எதிர்பார்ப்பதில்லை.

அதிகாரியின் முகம் மாறிவிட்டது. அவர் தள்ளிப் போய் யாருக்கோ போன் செய்தார். மறுநாள் பூராவும் ஒரு கப்பலும் இரண்டு விரைவுப் படகுகளும் துறைமுகத்துக்கு வெளியே தேடிக்கொண்டிருந்தன. இன்னும் இப்படி எத்தனை கிடக்கிறதோ என்று தேடியிருக்கிறார்கள். நமக்கு மீன் இல்லாத இடம், அவர்களுக்குக் கப்பல் வந்து போகிற வாசல். அண்ணனுக்கு இது தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

அதற்கு மறுநாள் காலையில் எங்கள் வள்ளத்திலிருந்து ஜிபிஎஸ் கருவியைக் கழற்றி எடுத்துப் போனார்கள். மத்தியானம் எங்களைக் கூப்பிட்டார்கள்.

கடலோரக் காவல் நிலையத்தில் அண்ணனை ஓர் அறையிலும் என்னை வேறொரு அறையிலும் உட்காரவைத்தார்கள். மேஜை மேல் கம்ப்யூட்டரில் எங்கள் வள்ளம் போன வழி தெரிந்தது. ஆற்று வாயிலிருந்து கிழக்கே போகிறது. ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது. வெகு நேரம் கழித்து அதே இடத்திலிருந்து திரும்பத் தொடங்குகிறது. துறைமுகப் பக்கம் போகவே இல்லை. அந்தக் கடற்படை அதிகாரி கோட்டை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பழைய கோடுகளையும் காட்டினார். மாதத்தில் ஐந்தாறு தடவை இதே மாதிரி. போகிறது, மறைகிறது, அதே இடத்தில் முளைக்கிறது.

“அங்க யாரைப் பாக்கப் போறீங்க?” என்று கேட்டார். அவர் சத்தம் போடவில்லை. என்னை நீங்க என்றுதான் சொன்னார்.

அண்ணனுக்குத் தெரியும் என்றேன்.

அந்தக் குழாய் என்ன என்பதை அவர் அப்போதுதான் சொன்னார். ஒருவேளை என் முகத்தில் ஏதாவது மாறுகிறதா என்று பார்ப்பதற்காகச் சொல்லியிருக்கலாம். அது தானாகவே மூழ்கி, தானாகவே மேலே வந்து, மாதக்கணக்கில் கடலைச் சுற்றுமாம். தண்ணீர் எந்த ஆழத்தில் சூடு, எந்த ஆழத்தில் குளிர்ச்சி, எங்கே உப்பு கூடுதல், தரை எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுமாம். நீர்மூழ்கிக் கப்பல்களை ஒளித்துவைக்கவும், ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கவும் அந்தக் கணக்கு வேண்டுமாம். பசிபிக் பக்கம் பெரிய நாடுகள் பல வருஷமாக இதைச் செய்கின்றன, இப்போது நம் பக்கம் வந்திருக்கிறார்கள் என்றார். எந்த நாடு என்று சொல்லவில்லை. எங்கே மிதந்தது என்பது தெரிந்தால், எந்த வழியாக வந்தது, எதை அளந்தது என்று கணக்குப் போடலாம். அதற்குத்தான் கேட்கிறோம் என்றார்.

எங்கள் அப்பா ஈயக்குண்டில் சோப்பைத் தடவிக் கயிற்றில் கட்டி இறக்குவார். ஒட்டி வருவது சேறா, மணலா, கல்துகளா என்று நகத்தால் கீறிப் பார்ப்பார். அவ்வளவு பெரிய நாடுகளும் அதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன என்று அப்போது நினைத்தேன்.

பயம் வரவில்லை. வெகு நேரம் மடித்து உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அது மாதிரி இருந்தது. உள்ளே ஏதோ இருக்கிறது, ஆனால் என்னுடையது இல்லை என்பது மாதிரி. சாயங்காலம் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அண்ணனை விடவில்லை. வெளியே வரும்போது இன்ஸ்பெக்டர் வராந்தாவில் நின்றார். அவர் ஏரல் பக்கத்துக்காரர். கூட்டங்களில் அண்ணனோடு சிரித்துப் பேசுகிறவர்.

“வே, உம்ம அண்ணன் இன்னமும் துறைமுகம்னே சொல்லுதாரு. நான் நம்புவேன். மேல இருக்கவன் நம்பமாட்டான். தேசத்துரோகம்னு எழுதிட்டாம்னா அப்புறம் நானும் ஒண்ணும் செய்ய முடியாது.”

நான் தலையாட்டினேன். பஸ் ஏறினேன். ஜன்னலுக்கு வெளியே உப்பளம் வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது. சீட்டு வாங்க மறந்து, கண்டக்டர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் காசு கொடுத்தேன்.

மறுநாளும் அப்படியே. அதே அறை, அதே கேள்வி, அதே பதில். ஆற்று வாயில் எங்கள் வள்ளத்தைப் போலீஸ் படகுக்குப் பக்கத்தில் கட்டிப்போட்டிருந்தார்கள். அண்ணன் மனைவி, என் மதினி, தூக்குவாளியில் சோறு கொண்டுவந்திருந்தாள். அண்ணனிடம் கொடுக்க விட்டார்கள், பேச விடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் பார் எங்கே இருக்கிறது என்று தெரியாது. பார் ஒன்று இருக்கிறது என்பது மட்டும் தெரியும். முப்பது வருஷமாக அந்த மீனைத்தான் கழுவுகிறாள்.

“ஏயா, அவுக அந்த இடத்தைத்தான் மறைக்காக, இல்லையா?” என்றாள்.

நான் கீழே கிடந்த வேப்பம்பழம் ஒன்றைப் பொறுக்கினேன்.

“செத்தாலும் சொல்லமாட்டாக. அவுக குணம் எனக்குத் தெரியும். நீ வாயத் தெறக்காம இருந்தே பழகிட்ட. இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் தெற.”

அவள் அழவில்லை. தூக்குவாளி மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். காலி வாளிதான். நான் எழுந்து உள்ளே போனேன்.

அதிகாரியிடம் சொன்னேன். கூட யாரும் இல்லாதபோது சொல்ல வேண்டும் என்றேன். இன்ஸ்பெக்டரை வெளியே அனுப்பினார். பார் என்றால் என்ன, ஏன் கருவியை அணைக்கிறோம், அண்ணன் ஏன் துறைமுகம் என்று சொன்னான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அப்போதுதான். அவர் நடுவில் குறுக்கிடவில்லை. முடித்ததும் கடல் வரைபடத்தை விரித்து, இடத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னார். எனக்கு அதில் காட்டத் தெரியவில்லை. அதில் சிலுவை இல்லை, பனங்கூட்டம் இல்லை. வெறும் எண்கள்.

“அங்க கூட்டிட்டுப் போகமுடியுமா?”

மலை தெரிந்தால் முடியும் என்றேன்.

மறுநாள் காலை விரைவுப் படகில் போனோம். மலை தெரியவில்லை. கரைக்கு மேலே சாம்பல் நிறமாக மூட்டம். சிலுவை மட்டும் தெரிந்தது, அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. இரண்டு மணி நேரம் நின்றோம். படகில் இருந்த ஒருவன் இந்தியில் ஏதோ சொன்னான். மற்றவர்கள் சிரித்தார்கள். மலையைக் காணோம் என்று சொல்கிற ஆளை நானாக இருந்தாலும் நம்பமாட்டேன். மலை தெரிய வேண்டும் என்று நான் நினைத்தேனா, தெரியக் கூடாது என்று நினைத்தேனா என்று இப்போது யோசித்தால் ஞாபகம் வரவில்லை. திரும்பி வந்தோம். அண்ணன் இன்னொரு நாள் உள்ளே இருந்தான்.

அன்று மத்தியானத்துக்கு மேல் மேற்கே மழை பிடித்தது. பாபநாசத்தில் நல்ல மழை என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் ஊரில் நாலு தூறல்தான். ஆனால் மறுநாள் காலை கரையில் நின்று பார்த்தபோதே தெரிந்துவிட்டது. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. வல்லநாட்டு மலை மட்டும் இல்லை, அதற்கும் அப்பால் பெரிய மலைத்தொடர் முழுக்க நீலமாக நின்றது.

என்னை முன்னால் நிற்கவைத்தார்கள். கையைக் காட்டினால் அந்தப் பக்கம் படகைத் திருப்பினார்கள். பைய என்றேன். இன்னும் பைய என்றேன். ஆற்றில் வந்த ஆகாயத்தாமரை, நாங்கள் அமலைச் செடி என்போம், அங்கங்கே மிதந்தது. சிலுவை மலைத்தலைக்கு அடியில் வந்தது. தெற்கே கோபுரம் பனங்கூட்டத்துக்குள் இருந்தது. கொஞ்சம் வெளியே வந்தது. கையை நீட்டி விரலை வைத்துப் பார்த்தேன்.

“இங்கன” என்றேன்.

அதிகாரி ஒரு பொத்தானை அமுக்கினார். டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. திரையில் எண்கள் வந்தன. அவர் பக்கத்தில் இருந்தவன் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். அவ்வளவுதான் நேரம் ஆயிற்று.

பிறகு ஆழம் பார்க்கிற இன்னொரு திரையைக் காட்டிக் கூப்பிட்டார். கீழே தரை ஒரே கோடாக வந்து, திடீரென்று மேலே எழும்பி, இரண்டு திமிலாக நின்று, மறுபடி இறங்கியது. இதுதான் உங்க இடமா என்றார். முப்பத்தைந்து வருஷமாக அதன் மேலே உட்கார்ந்திருக்கிறேன். அதை அன்றுதான் பார்த்தேன். ஒரு திமில்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். பிறகு மத்தியானம் வரைக்கும் அங்கேயே நின்று சுற்றிலும் அளந்தார்கள்.

அவர் நல்ல மனிதர். இதை வெளியே சொல்ல மாட்டோம் என்றார். அவர் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் கடலில் அரசாங்கப் படகு ஒன்று ஒரே இடத்தில் அரை நாள் நின்றால், அதன் முனையில் எங்கள் வள்ளத்து ஆள் நின்று மலையைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தால், யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. திரும்பும்போது தூரத்தில் மூன்று வள்ளங்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு நின்றன. யாருடையவை என்று பார்த்ததுமே தெரிந்தது. அவர்கள் கையில் கருவி இருக்கிறது.

சாயங்காலம் அண்ணனை விட்டார்கள். வழக்கு எதுவும் இல்லை. வள்ளத்தையும் கருவியையும் திருப்பிக் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் அண்ணன் தோளைத் தட்டினார். அண்ணனின் தாடி வளர்ந்திருந்தது. மாற்றுச் சட்டை எடுத்து வைக்க மதினி முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டாள். நாங்கள் இருவரும் நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில் டீ குடித்தோம். என்னிடம் என்ன கேட்பான் என்று காத்திருந்தேன். டீ பாதி ஆறும் வரைக்கும் அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மலை தெரிஞ்சுதா லே?” என்றான்.

“தெரிஞ்சுது.”

“நல்லாவா?”

“நல்லா தெரிஞ்சுது.”

தலையை ஆட்டினான். டீயைக் குடித்து முடித்தான். அதற்குப் பிறகு இன்று வரைக்கும் அவன் அதைப் பற்றிப் பேசியதில்லை. நான் செய்தது சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேனோ என்னவோ. மதினி மட்டும் அன்று அண்ணனுக்கு முன்னால் எனக்குச் சோறு போட்டாள். அதைக் கவனித்தேன்.

பத்து நாள் நாங்கள் பார்ப் பக்கம் போகவில்லை. வேறு இடங்களில் வலை போட்டோம். ஏலக்கூடத்தில் விளமீனும் களவாவும் குவிந்தன. யார் வள்ளத்திலிருந்து இறங்குகின்றன என்று நான் பார்க்கவில்லை. பக்கத்து வள்ளத்துக்காரர் ஒருவர் எங்களுக்குக் கேட்கும்படியாக, “நேவிக்காரனுக்கு ஒரு மாலை வாங்கிப் போடணும்வே” என்றார். சிரித்தார்கள். அண்ணனும் லேசாகச் சிரித்தான்.

அந்தப் பத்து நாளுக்குள்ளேயே, வழக்கமில்லாத ஒரு கூட்டத்துக்கும் கடற்படைக்காரர்கள் வந்தார்கள். வேறு அதிகாரி. அதே படம், அதே சிவப்புக் கோடு. இந்த ஊர் மீனவர்கள் பெரிய உதவி செய்திருக்கிறார்கள், விவரம் சொல்ல முடியாது என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அண்ணன் வரவில்லை. அவன் தொப்பி வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு புதுத் தொப்பி கொடுத்தார்கள்.

பதினோராம் நாளோ அதற்கு மறுநாளோ, கரையை விட்டதும் அண்ணன் தானாகவே வள்ளத்தைக் கிழக்கே திருப்பினான். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தண்ணீர் திறந்திருந்தார்கள் போல. ஆற்று வாயைத் தாண்டியும் வெகு தூரம் கடல் செம்மண் நிறமாக இருந்தது. வழக்கமாகக் கருவியை அணைக்கிற இடம் வந்தது. அவன் கை பழக்கத்தில் அதன் பக்கம் போயிற்று. பொத்தான் மேல் விரலை வைத்தான். முன்னால் பாருக்கு மேலே எட்டு வள்ளங்கள் நிற்பது அங்கிருந்தே தெரிந்தது.

விரலை எடுத்துக்கொண்டான். கருவி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் எங்கள் வள்ளம் சின்ன அம்புக்குறியாக, பின்னால் புள்ளிகளை விட்டுக்கொண்டே போயிற்று. நங்கூரம் போட இடம் பார்த்து மற்ற வள்ளங்களுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றோம். யாரோ கையை ஆட்டினார்கள். நான் தூண்டிலில் இரை மாட்டினேன்.